கடி ஸ்லீவ் வாங்குறதுக்கு முன்னாடி நாயோட வாயைப் பாருங்க

புதுசா ப்ரொடெக்ஷன் ஸ்போர்ட்ல, அதாவது நாய்க்குக் காவலும் கடியும் பழக்கிப் போட்டி வைக்கிற விளையாட்டுல, இறங்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த ஸ்லீவ் நல்ல ஸ்லீவ்னுதான். ஸ்லீவ்னா நாய் கடிக்கிறதுக்குன்னு கையில மாட்டுற தடிச்ச உறை. நான் திருப்பி ரெண்டு கேள்வி கேப்பேன். நாய்க்கு என்ன வயசு, கடிக்கும்போது முன்பல்லால மட்டும் புடிக்குதா இல்ல கடைவாய்ப்பல் வரைக்கும் உள்ள வாங்கி அசையாம வச்சிக்குதா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரியலன்னா ஸ்லீவ் வாங்குறத ஒரு மாசம் தள்ளிப்போடுங்க, காசும் மிச்சம் நாயும் மிச்சம்.

ஏன்னா ஸ்லீவ்ங்கிறது ஹெல்ப்பர் (நாய்க்கு எதிரா நின்னு கடி வாங்குற ஆள்) கையக் காப்பாத்துற கவசம்னு மட்டும் நினைச்சா தப்பாப் போயிடும். கையக் காப்பாத்துறது அதோட பாதி வேலைதான், மீதி பாதி நாய்க்கு எப்படிக் கடிக்கணும்னு சொல்லிக் கொடுக்குறது. அதோட தடிமன், கடினம், எந்த இடத்துல மேடு எந்த இடத்துல பள்ளம், எல்லாமே நாய் வாய்க்குப் பாடம். தப்பான ஸ்லீவ்ல மூணு மாசம் கடிச்ச நாயத் திரும்ப ஒழுங்கா கடிக்க வைக்கிறதுக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம், சில நாய்ங்க திரும்பவே திரும்பாது.

அதுக்கும் முன்னாடி நீங்க எந்த ஸ்போர்ட் பண்ணப் போறீங்கன்னு தெளிவா இருக்கணும். ஜெர்மனில ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்ங்கள சோதிக்கிறதுக்குன்னு ஆரம்பிச்ச ஷுட்ஸ்ஹுண்ட், அப்புறம் ஐபிஓ ஆகி, 2019ல இருந்து ஐஜிபின்னு ஓடிட்டு இருக்கு. மோப்பம், கீழ்ப்படிதல், ப்ரொடெக்ஷன்னு மூணு பகுதி, ஒவ்வொன்னுக்கும் 100 மார்க். இதுல நாய் கடிக்கிறது ஸ்லீவ மட்டும்தான், அதனால ஸ்லீவ் தேர்வு ரொம்ப முக்கியம். ஆனா பிரெஞ்ச் ரிங், மோண்டியோரிங், நெதர்லாந்து போலீஸ் நாய் ஸ்போர்ட்டான கேஎன்பிவி இதுலெல்லாம் ஹெல்ப்பர் உடம்பு முழுக்க தடிச்ச கடி சூட் போட்டுட்டு நிப்பாரு, நாய் காலயும் கடிக்கும் உடம்பையும் கடிக்கும். அந்தப் பக்கம் போறவங்க விலை உயர்ந்த ட்ரையல் ஸ்லீவ் (போட்டிக்கான கடினமான ஹார்ட் ஸ்லீவ்) வாங்கி மூலையில போட்டு வைக்க வேண்டாம். ஆரம்பத்துக்கு ஒரு வெட்ஜும் (கைப்பிடி வச்ச கடி தலையணை) ஒரு சாஃப்ட் ஸ்லீவும் இருந்தா போதும், அப்புறம் நேரா சூட்டுக்குப் போயிடலாம்.

இனிமே நான் சொல்றதெல்லாம் ஐஜிபி மாதிரி ஸ்லீவ் வச்சு நடக்குற ட்ரெயினிங்க மனசுல வச்சுத்தான்.

குட்டிக்கு ஸ்லீவே வேண்டாம். இத எத்தன தடவ சொன்னாலும் கேக்க மாட்டாங்க, மூணு மாசக் குட்டி ஸ்லீவ்ல தொங்குற வீடியோவப் பாத்துட்டு அதே மாதிரி வேணும்பாங்க. குட்டிக்கு பால்பல் 28தான், ஊசி மாதிரி இருக்கும், வேர் அவ்வளவு உறுதியா இருக்காது. நாலாவது மாசத்துல இருந்து ஏழாவது மாசம் வரைக்கும் பல் விழுந்து முளைச்சு கடைசியில 42 பல் வரும். இந்தக் காலத்துல ஈறு வலிக்கும், வலிக்கும்போது கடிச்சா "கடிச்சா வலிக்கும்"னு அது மனசுல பதிஞ்சுடும், அப்புறம் பெரிய நாயான பிறகும் புடிய விட்டுவிட்டுப் புடிக்கும். அதனால பால்பல் இருக்கிறப்போ ஒரு துணி, மெல்லிசான சணல் டக் (இழுத்து விளையாடுற துண்டு), அவ்வளவுதான். அதையும் மெதுவா, குட்டியே இழுக்கிற மாதிரி, நாம இழுக்காம. பல் முளைக்கிற சமயத்துல வாய்க்கு லீவு கொடுத்துட்டு துரத்தல், குரைக்கிறது, ஹெல்ப்பர் மேல ஆர்வத்த ஏத்துறதுன்னு வேற வேலை பாக்கலாம்.

பெரிய பல்லெல்லாம் வந்து உறுதியான பிறகு முன்னாடி சொன்ன வெட்ஜ். இது ஸ்லீவ் இல்லன்னாலும் ஸ்லீவ் வாங்குறதுல பாதிய முடிவு பண்றது இதுதான். ஒரு பக்கம் தடிமனாவும் ஒரு பக்கம் மெல்லிசாவும் இருக்கிறதால நாய் எந்தத் தடிமனுக்கு வாய முழுசா திறக்குதுன்னு இதுல தெரிஞ்சிடும். மெல்லிசு பக்கத்துல முழுப் புடியும் தடி பக்கத்துல முன்பல் புடியும் போட்டா அந்த நாய் இன்னும் ஸ்லீவுக்குத் தயாரா இல்லன்னு அர்த்தம். உங்க கிளப்ல இருக்கிற வெட்ஜ வச்சே இதப் பாத்துடலாம், வாங்கக்கூட வேண்டாம்.

அடுத்தது பப்பி ஸ்லீவ், சாஃப்ட் ஸ்லீவ்னு சொன்னது இதத்தான். பேருக்குத்தான் பப்பி, உண்மையில எட்டு ஒன்பது மாசத்துக்கு மேல உள்ள இளம் நாய்க்கும், புதுசா ஆரம்பிக்கிற பெரிய நாய்க்கும், நம்பிக்கை குறைஞ்சு போன நாய்க்கும் இதுதான். உள்ள கடினமான ஓடு இருக்காது, இல்ல ரொம்ப லேசா இருக்கும், அமுக்கினா அமுங்கும். இதுல என்ன பாக்கணும்னா, ரெண்டு கையாலயும் அமுக்கிப் பாருங்க, நல்லா அமுங்கிட்டு விட்டதும் பழைய உருவத்துக்கு வரணும். அமுங்கினது அமுங்கினபடியே இருந்தா உள்ள இருக்கிற ஸ்பாஞ்சு சரியில்ல, பத்து கடியில அப்பளமாயிடும். ரொம்ப மெத்தைத்தனமா இருந்தாலும் ஆபத்து ஹெல்ப்பர் கைக்குத்தான். பெரிய நாய் ஒன்னு சாஃப்ட் ஸ்லீவ்ல முழு புடி புடிச்சா எலும்பு வரைக்கும் அழுத்தம் தெரியும், பல் உள்ள போகாது, ஆனா ராத்திரி கை வீங்கும். பெரிய நாய சாஃப்ட் ஸ்லீவ்ல வேலை வாங்கணும்னா உள்ள தனியா ஒரு முன்கை காப்பு போட்டுக்கலாம்.

அதுக்கப்புறம் இடைநிலை ஸ்லீவ், கடைசியில ட்ரையல் ஸ்லீவ். இங்கதான் பைட் பார் வருது, நாய்க்காரங்க பலபேருக்குக் குழப்பமும் இங்கதான். பைட் பார்ங்கிறது ஸ்லீவோட முன்கைப் பகுதியில குறுக்கா மேடு மாதிரி, பக்கத்துல இருந்து பாத்தா வி எழுத்து மாதிரி முன்னாடி நீட்டிட்டு இருக்கிற பகுதி. அதோட முனை மெல்லிசு, போகப்போக தடிமன். நாய் முனையக் கவ்விட்டு இன்னும் உள்ள தள்ளினா வாய் நிறையுது, கடைவாய் வரைக்கும் பொருள் போகுது. அதாவது எங்க கடிக்கணும்னு நாய்க்குக் காட்டுற இலக்கும் அதுதான், எவ்வளவு ஆழமா கடிக்கணும்னு சொல்ற அளவுகோலும் அதுதான். பார் ரொம்ப மெல்லிசா இருந்தா நாய் சுலபமா முழுசா கவ்விடும், சோம்பேறியாயிடும். ரொம்ப தடிமனா இருந்தா சின்ன வாய் நாய், அதாவது ஒல்லி மூஞ்சி உள்ள பெல்ஜியன் மாலினாய் இனப் பெட்டை மாதிரி, எவ்வளவு முயற்சி பண்ணாலும் வாய் நிறைக்க முடியாம வழுக்கும், அப்புறம் மென்னு மென்னு புடிக்கும். அதையே பெரிய தலை ஆண் ஷெப்பர்டுக்கு கொடுத்தா சரியா உக்காரும். அதனால "இந்த மாடல் பெஸ்ட்"னு யாராவது சொன்னா, எந்த நாய்க்குன்னு கேளுங்க.

பார் இல்லாம உருண்டையா இருக்கிறத பேரல் ஸ்லீவ்னு சொல்வாங்க. பார்ல மட்டுமே கடிச்சுப் பழகின நாய் முனையத் தேடிட்டே இருக்கும், அந்த நாய்க்கு வாய நல்லா திறக்கக் கத்துக்கொடுக்க பேரல் நல்லது. ஆனா முதல் ஸ்லீவா பேரல் வாங்காதீங்க.

ஐஜிபி ட்ரையல் நாள்ல பைட் பார் உள்ள ஸ்லீவும் இயற்கை நிறத்துல உள்ள சணல் கவரும்தான். அதனால ட்ரெயினிங்ல கலர் கலரா, பளபளன்னு சிந்தெட்டிக் கவர்ல மட்டும் கடிச்சுப் பழகிட்டு ட்ரையல்ல சணலப் பாத்ததும் நாய் தடுமாறுறது புதுசு இல்ல. ஐஜிபி 1க்கு நாய்க்கு குறைஞ்சது 18 மாசம் ஆகணும், அதுக்கு முன்னாடி உங்களுக்கு நேரம் நிறைய இருக்கு, ஹார்ட் ஸ்லீவுக்கு அவசரமே இல்ல.

சரி, நாய் அடுத்த படிக்கு தயாரான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? கடிச்ச பிறகு வாயப் பாருங்க, வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாத்தா இன்னும் நல்லது. புடி ஆழமா, அமைதியா, வாய் அசையாம இருந்து, ஹெல்ப்பர் குச்சியத் தூக்கி மிரட்டும்போதும் அப்படியே இருந்தா அடுத்த கடினத்துக்குப் போகலாம். டைப் அடிக்கிற மாதிரி வாய் மேலயும் கீழயும் நகர்ந்துட்டே இருந்தா, முன்பல்லால மட்டும் நுனியப் புடிச்சு தொங்கினா, உறுமிட்டே கடிச்சா, ஒரு படி கீழ இறங்குங்க. இறங்குறதுல வெக்கமே இல்ல, நல்ல ஹெல்ப்பருங்க ட்ரையல்ல ஜெயிச்ச நாய்ங்களுக்குக் கூட அப்பப்போ சாஃப்ட் ஸ்லீவ் கொடுப்பாங்க. ஆனா ஒன்னு, புடி கெட்டதுக்கு எப்பவும் ஸ்லீவ்தான் காரணம்னு இல்ல, பயம், பல்வலி, ஹெல்ப்பர் தப்பா கொடுக்குறது, எல்லாமே இருக்கும். திடீர்னு புடி மாறினா முதல்ல வாயத் திறந்து பல் உடைஞ்சிருக்கா பாருங்க.

இப்போ கவர். ஸ்லீவ் உடல் பல வருஷம் ஓடும், கவர் தேய்ஞ்சு போயிட்டே இருக்கும், அதனால கவர் தனியா கழட்டி மாத்துற மாதிரி உள்ள ஸ்லீவ மட்டுமே வாங்குங்க. சணல் துணி சொரசொரப்பா இருக்கும், பல் நல்லா பிடிக்கும், நாய்க்கு வாய்ல உணர்வு நல்லா தெரியும், ஆனா சீக்கிரம் கிழியும், நார் உதிரும். பிரெஞ்ச் லினன்னு சொல்ற துணி இன்னும் நெருக்கமா நெய்தது, நீடிச்சு உழைக்கும், பல்லுக்கும் மென்மை, சின்ன நாய்ங்களுக்கும் இளம் நாய்ங்களுக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும். சிந்தெட்டிக் ரொம்ப நாள் வரும், ஆனா வழுக்கும், சில நாய்ங்க அதுல புடி விட்டு விட்டு மாத்தும். லெதர் ஸ்லீவ் கேள்விப்பட்டா தள்ளி நில்லுங்க, அனுபவம் உள்ளவங்க வேற காரணத்துக்காக வச்சிருப்பாங்க, நமக்கு வேண்டாம்.

கவர்ல நெசவு ரொம்ப முக்கியம். கையில எடுத்து விரல் நகத்தால நூல இழுத்துப் பாருங்க, சுலபமா வளையம் மாதிரி எழும்பினா அந்தத் துணி வேண்டாம். அந்த வளையத்துக்குள்ளதான் கோரைப்பல் மாட்டும், நாய் முழு வேகத்துல வந்து தொங்கி ஆடும்போது பல் சிக்கினா உடம்பு எடை மொத்தமும் ஒரு பல்லுல விழும், கோரைப்பல் உடைஞ்சா அந்த நாயோட ஸ்போர்ட் வாழ்க்கை அதோட முடியலாம். தொளதொளன்னு இருக்கிற கவரும் அதே ஆபத்துதான், மடிப்பு விழுந்து உதட்டையும் பல்லையும் கிள்ளும். கவர் ஸ்லீவ் மேல தோல் மாதிரி ஒட்டி இருக்கணும், போடுறதுக்கு கொஞ்சம் கஷ்டப்படணும். முகர்ந்தும் பாருங்க. சாயம், ரசாயன வாடை கடுமையா அடிச்சா திருப்பிக் கொடுத்துடுங்க, நாய் அத வாய்ல வச்சுட்டு மூச்சு விடுது.

இதுவரைக்கும் நாய்க்கு. இனி கைக்கு.

ஸ்லீவ் இடது கைக்குன்னும் வலது கைக்குன்னும் தனித்தனியா வரும், ரெண்டுக்கும் பொதுவா உள்ளதும் உண்டு. பெரும்பாலான ஹெல்ப்பருங்க இடது கையில ஸ்லீவ் போட்டு வலது கையில குச்சி புடிப்பாங்க, அதனால கிளப் ஹெல்ப்பர் எந்தக் கையில வேலை பாக்குறாரோ அதுக்கு வாங்குங்க, உங்க கைக்கு இல்ல. இதுல ஏமாந்தவங்க நிறைய பேர், புது ஸ்லீவோட ஆசையா போயி நிக்கும்போது ஹெல்ப்பர் சிரிப்பாரு.

போட்டுப் பாத்து நாலு விஷயம் கவனிங்க. முதல்ல உள்ள இருக்கிற கைப்பிடி, கை முழுசா இறுகப் புடிக்க முடியணும், விரல் நுனி ஸ்லீவ் வாய்க்கு வெளிய தெரியக் கூடாது, நாய் தவறி நுனியில கடிச்சா விரல்தான் மாட்டும். அப்புறம் முழங்கை, ஸ்லீவோட வளைவு உங்க முழங்கை வளைவுலயே வரணும். நான் ஒரு தடவ ஒரு கடையில அவசரமா ஒரு சைஸ் பெரிசு வாங்கிட்டு வந்தேன், பெரிசா இருந்தா பாதுகாப்புன்னு நினைச்சேன், முதல் நாள்லயே நாய் தொங்கினதும் ஸ்லீவ் கையில சுத்திக்கிச்சு, முழங்கை காப்பு பின்பக்கம் போயிடுச்சு, ஓடு எலும்புல வந்து இடிச்சு ரெண்டு வாரம் கை மடக்க முடியல. பெரிசு பாதுகாப்பு இல்ல, சரியானது பாதுகாப்பு. மூணாவது தோள் மடல், நாய் குறி தவறி மேல ஏறிக் கடிச்சா இதுதான் நம்மளக் காப்பாத்தும், அது தோள மூடணும், ஆனா கை தூக்கும்போது கழுத்துல இடிக்கக் கூடாது. நாலாவது எடை. கடையில லேசாத்தான் தெரியும், அத மாட்டிட்டு கைய நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வச்சு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, பக்கவாட்டுல ஓடுங்க, திரும்புங்க. தோள் எரிஞ்சா நாய் பதினஞ்சாவது தடவ வரும்போது நீங்க கைய கீழ விட்டுடுவீங்க, நாய் கீழ கடிச்சுப் பழகும், இல்ல முகத்துக்கு வரும்.

கழட்டுறது சுலபமா இருக்கணும்ங்கிறதும் இதுலயே வரும். நாய் ஜெயிச்சதும் ஸ்லீவ அதுக்குப் பரிசா விட்டுடுவோம், அது வாய்ல தூக்கிட்டு பெருமையா நடக்கும். அந்த ஒரு நொடியில ஸ்லீவ் கையில இருந்து வழுக்கி வெளிய வரணும். தோள்ல பக்கிள் மாட்டி இறுக்கி வச்ச ஸ்லீவ்ல இது நடக்காது, நாய் இழுக்க நாம தடுமாற அந்த நேரம் போயிடும். ஆரம்ப நிலைக்கு பட்டை இல்லாத, உள்ள நழுவுற லைனிங் உள்ள ஸ்லீவ்தான் நல்லது.

ஹிட்டன் ஸ்லீவ்னு ஒன்னு இருக்கு, சட்டைக்குள்ள போட்டா தெரியாது. நிறைய பேர் ஆசைப்படுறாங்க, ஸ்லீவ் இல்லாத ஆளையும் கடிக்குமான்னு பாக்கணுமாம். இது ஸ்போர்ட்டுக்குத் தேவை இல்ல, மெல்லிசு, வலிக்கும், நாய் சரியான இடத்துல கடிக்கலன்னா தோல் கிழியும். ரொம்ப அனுபவம் உள்ள ஹெல்ப்பர் தெரிஞ்ச நாயோட பண்ணட்டும், நீங்க வாங்குற லிஸ்ட்ல இது இருக்கக் கூடாது. வீட்டு நாய்க்கு சும்மா கடிக்கச் சொல்லித்தர்றதுக்கு எந்த ஸ்லீவுமே கூடாதுன்னும் இதோட சொல்லிடறேன், அதுக்குன்னு தெரிஞ்ச ஹெல்ப்பர் கீழதான் எல்லாமே.

இன்னொரு பேச்சு, ஸ்லீவ் மட்டுமே நாய் மனசுல இருந்தா அது ஆள மறந்துடும். ஒரே ஸ்லீவ், ஒரே கலர், ஒரே கைன்னு வருஷக்கணக்கா பழகின நாய் ஸ்லீவ் கீழ கிடந்தா அதோட நின்னுடும், ஹெல்ப்பர் பக்கம் திரும்பிக்கூட பாக்காது. அதனால கவர் பழசு புதுசுன்னு மாத்தி மாத்தி போடுங்க, வெட்ஜும் ஸ்லீவும் கலந்து கொடுங்க, ரெண்டு மூணு ஸ்லீவ் வச்சிருக்கிற கிளப்ல சேர்றதே தனியா ஒன்னு வாங்குறதவிட மேல்.

ஸ்லீவோட கூடவே ஹெல்ப்பருக்கு காலுக்கு கீறல் பேண்ட் வேணும், நாய் மேல ஏறி நகத்தால கிழிக்கும், தொடை மேல இடிக்கும். நாய்க்கு அகலமான தோல் காலர் இல்ல நெஞ்சுப் பட்டை, மெல்லிசு சங்கிலி கழுத்துல போட்டு ஸ்லீவ் வேலை பாக்குறது நாய் கழுத்துக்கு நல்லது இல்ல. ஹெல்ப்பர் நாய நேரா இடிக்கிற மாதிரி நிறுத்தக் கூடாது, வர்ற வேகத்தோட சுத்தி வாங்கிக்கணும், இல்லன்னா எவ்வளவு நல்ல ஸ்லீவா இருந்தாலும் நாயோட முதுகும் கழுத்தும் அடிபடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா? உடல் வாங்கலாம், கவர் புதுசா வாங்கிக்கோங்க. உள்ள கை விட்டு அந்தக் கடினமான ஓடு முழுக்க தடவுங்க, விரிசல் இருந்தா வேண்டாம், ஓட்ட ஒரு பக்கம் அழுத்தினா மறுபக்கம் டொக்குனு சத்தம் வந்தாலும் வேண்டாம். ரிவெட், பக்கிள், கைப்பிடி தையல் எல்லாத்தையும் இழுத்துப் பாருங்க. கவர் கிழிஞ்சு ரிவெட் வெளிய தெரிஞ்சா அந்த இடத்துல நாய் பல் பட்டுடும்.

பராமரிப்புல பெரிசா ஒன்னும் இல்ல. எச்சிலும் பனியும் நனைச்ச ஸ்லீவ மூட்டையில போட்டு வச்சா பூஞ்சை வரும், நிழல்ல காத்தோட்டமா தொங்க விடுங்க, வெயில்ல போட்டா ஸ்பாஞ்சு உடையும். நாய் ஜெயிச்சு தூக்கிட்டுப் போன ஸ்லீவ கிழிச்சு விளையாட விடாதீங்க, அது தூக்கி அமைதியா நிக்கட்டும், பிறகு வாங்கிடுங்க. சணல் நார் நீளமா வயித்துக்குள்ள போனா குடல் சுருங்கி மடிஞ்சு ஆபரேஷன் வரைக்கும் போகும், வாந்தி எடுத்து சாப்பிடாம இருந்தா தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட காட்டுங்க.

கவர் பார் பக்கம் நைஞ்சதும் மாத்திடுங்க. மாத்தின பழைய கவர தூக்கிப் போட வேண்டாம், தோள் பக்கம் தேயாத பகுதி இருக்கும் பாருங்க, அத ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி ஓரத்த நல்லா மடிச்சு தச்சு வச்சிக்கிட்டா அடுத்து வர்ற குட்டிக்கு முதல் டக் ரெடி.